காசு கிடந்த குழி

இங்கிலாந்தின் வயல்களில் ஞாயிறுதோறும் நாணய வேட்டை நடக்கிறது. கையில் கிடைத்த காசுக்குக் கோப்பை தருகிறார்கள். வரலாற்று ஆய்வாளர்கள் கேட்பதோ அந்தக் காசு கிடந்த இடத்தை.

அறுவடை முடிந்து, அடுத்த விதைப்பு தொடங்காத ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள். இங்கிலாந்தின் கிராமப்புறச் சாலைகளில் ஞாயிறு காலையில் ஒரு விநோத ஊர்வலத்தைப் பார்க்கலாம். வரிசையாகக் கார்கள். டிக்கியில் சிறிய மண்வெட்டி, ரப்பர் பூட்ஸ், பிளாஸ்கில் தேநீர், துணி உறைக்குள் நீளமாக ஒரு கம்பி. ஏதாவது ஒரு விவசாயியின் வயல் கேட் அருகே கார்கள் நிற்கும். கட்டணம் வசூலிக்கப்படும், அதில் ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு, பல சமயம் இன்னொரு பங்கு ஏதாவது தர்ம காரியத்துக்கு. பிறகு விதிகளை வாசிப்பார்கள்: தோண்டிய குழியை மூட வேண்டும், வேலியைத் தாண்டக் கூடாது, கிடைத்ததை மறைக்கக் கூடாது. அவ்வளவுதான். நூறு பேர், பெரிய கூட்டமென்றால் பல நூறு பேர், காதில் ஹெட்போனுடன் வயலில் சிதறி, கையிலிருக்கும் மெட்டல் டிடெக்டரை இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடப்பார்கள். அன்று மாலை, கிடைத்தவற்றில் சிறந்த நாணயத்துக்குப் பரிசு.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு இல்லை. சாதாரண டிடெக்டர் நூற்றுச் சொச்சம் பவுண்டுக்குக் கிடைக்கும். உயர் ரகம் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். அதன் பிறகு வேண்டியது பொறுமையும் நல்ல முதுகும்தான். இந்த நாட்டின் மிகப் பெரிய கண்டெடுப்புகளில் இரண்டைச் செய்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தோட்டக்காரர், மற்றவர் ஆஸ்பத்திரி சமையல்காரர்.

வயலில் நடப்பது பெரிய வேட்டை என்றால், ஊருக்கு ஊர் இருக்கும் கிளப்புகளில் நடப்பது குடும்பச் சண்டை போன்ற போட்டி. மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு பப்பின் பின்னறையிலோ கிராமத்து ஹாலிலோ கிளப் கூடும். உறுப்பினர்கள் அந்த மாதம் கண்டெடுத்தவற்றைப் பஞ்சு வைத்த டப்பாக்களில் கொண்டுவந்து மேஜையில் பரப்புவார்கள். நாணயத்துக்கு ஒரு பிரிவு, மற்ற பொருள்களுக்கு ஒரு பிரிவு. எல்லோரும் மேஜையைச் சுற்றி வந்து பூதக்கண்ணாடியில் பார்த்து ஓட்டுப் போடுவார்கள். மாதத்தின் சிறந்த நாணயம், ஆண்டின் சிறந்த நாணயம். பரிசு பெரும்பாலும் ஒரு சின்னக் கோப்பையும் கைதட்டலும்தான். முப்பது வருடமாக நடந்து நடந்து முழங்கால் தேய்ந்த சீனியர் சட்டை பட்டனுடன் வந்திருக்க, போன வாரம் மெஷின் வாங்கிய பையன் தங்கக் காசுடன் வருவதும் இந்த ஆட்டத்தில் சகஜம். இந்த உலகத்தின் பொறாமைகளையும் பாசத்தையும் வைத்து பி.பி.சி. 2014-ல் 'டிடெக்டரிஸ்ட்ஸ்' என்று ஒரு நகைச்சுவைத் தொடரே எடுத்தது. அது அமோக வெற்றி பெற்றது.

மேஜையில் மவுசு அதிகம் 'ஹேமர்ட்' காசுக்கு. சுத்தியலால் அடித்த காசு என்று பொருள். இங்கிலாந்தில் 1662 முதல் இயந்திரத்தில் அச்சடித்த நாணயங்கள்தான் வெளியாயின. அதற்கு முன் இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வெள்ளித் தகட்டை வைத்து ஒரே அடி. இப்படி அடித்த வெள்ளிப் பென்னி நகம் போல மெல்லியது. எடை ஒன்றரை கிராம்கூட இருக்காது. சில்லறைப் பிரச்னைக்கு அந்தக் காலத்து ஜனங்கள் கண்ட வழி எளிமையானது. அரைப் பென்னி வேண்டுமா, காசை இரண்டாக வெட்டு. கால் பென்னி வேண்டுமா, நான்காக வெட்டு. நாணயத்தின் பின்புறத்தில் இருந்த சிலுவைக் குறி வெட்டுவதற்கும் வசதியாக இருந்தது. வயல்களில் இன்று கிடைப்பவற்றில் இப்படிப்பட்ட வெட்டுக் காசுகள் ஏராளம்.

ஊரே இல்லாத வயல் நடுவில் காசு எப்படி வந்தது? ஒரு பெரிய காரணம், குப்பை. இடைக்காலத்தில் நகரத்துச் சாணமும் கழிவும் வண்டி வண்டியாக வயல்களுக்கு உரமாகப் போயின. வீட்டில் தொலைந்த காசு, மோதிரம், பொத்தான் எல்லாம் கூடவே போயின. சந்தை கூடிய மேடு, படகுத் துறை, வண்டிப் பாதை, உழுதவன் கிழிந்த பையோடு குனிந்த இடம் என்று மற்ற காரணங்களும் உண்டு. ரோமானியர் காலத்துச் சின்னச் செப்புக் காசுகளோ கணக்கில்லாமல் கிடைக்கின்றன. தேய்ந்துபோன அவற்றுக்கு வேட்டைக்காரர்கள் 'க்ராட்' என்று ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். கோப்பைக்கு உதவாத காசு. ஒன்றிரண்டு பவுண்டுக்குக் கூட விலை போகாதவை அவற்றில் நிறைய.

டிடெக்டரில் மந்திரம் எதுவும் இல்லை. கம்பியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது உலோகத்தில் பட்டால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப் புலத்தை எழுப்புகிறது. இரண்டாவது சுருள் அதைப் பிடித்துக்கொள்கிறது. அனுப்பிய அலைக்கும் திரும்பிய அலைக்கும் இடையே எவ்வளவு தாமதம் என்பதை வைத்து உலோகத்தின் தன்மையை மெஷின் ஊகிக்கிறது. வெள்ளிக்குக் கீச்சென்ற ஒலி, இரும்பாணிக்குக் கரகரப்பு. சிக்கல் இதுதான்: தங்கமும், குளிர்பான டின்னிலிருந்து பிய்த்தெறிந்த அலுமினிய வளையமும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசும். குப்பையை ஒதுக்கச் சொல்லி மெஷினைத் திருகி வைத்தால் தங்கமும் சேர்ந்து ஒதுங்கிவிடும். எனவே அனுபவசாலி ஒவ்வொரு வளையத்தையும் குனிந்து தோண்டுகிறார். ஒரு நாளைய வேட்டையின் பெரும்பகுதி இந்தக் குப்பை பொறுக்கல்தான்.

கருவியின் பூர்வீகமும் சுவாரஸ்யமானது. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டார்கள். உடலுக்குள் இருந்த குண்டைக் கண்டுபிடிக்க, டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு மின்கருவியைத் தயாரித்துக் கொண்டுபோனார். கருவி வேலை செய்தது. ஆனால் கட்டில் மெத்தைக்குள் இருந்த ஸ்பிரிங் கம்பிகள் அதைக் குழப்பிவிட்டன. குண்டு கிடைக்கவில்லை, ஜனாதிபதியும் பிழைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் போலந்து அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி டிடெக்டர் எல் அலமெய்ன் போர்க்களத்தில் பாதை திறந்தது. 1970-களில் கருவி மலிவானதும் சாமானியர் கைக்கு வந்தது. தகராறும் அப்போதுதான் ஆரம்பித்தது.

தொல்பொருள் ஆய்வாளர்களுக்கு இந்த ஆசாமிகளைக் கண்டாலே ஆகாது. 1979-ல் வந்த சட்டம் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களில் அனுமதியில்லாமல் டிடெக்டர் பயன்படுத்தத் தடை விதித்தது. மறு ஆண்டே ஆய்வாளர்கள் 'நம் கடந்த காலத்தை எடுத்துக்கொண்டு போவதை நிறுத்து' என்ற கோஷத்துடன் பிரசாரம் தொடங்கினார்கள். பதிலுக்கு 1981-ல் வேட்டைக்காரர்கள் தேசிய கவுன்சில் அமைத்துக்கொண்டார்கள். ஒரு தரப்பு மறு தரப்பைக் கொள்ளைக்காரர் என்றது. மறு தரப்போ எதிரிகளைப் படித்த திமிர் பிடித்தவர்கள் என்றது.

நியாயமாகப் பார்த்தால், ஆய்வாளர்களின் கோபத்தில் காசின் விலைக்கு இடமே இல்லை. ஒரு காசு மண்ணில் எங்கே, எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். காசைப் பிடுங்கிய நிமிடத்தில் அந்தத் தகவல் அழிந்துவிடுகிறது. காசை அலமாரியில் வைக்கலாம், குழியை வைக்க முடியாது.

இதற்கு நல்ல உதாரணம் சாமர்செட்டில் ஃப்ரோம் என்ற ஊருக்குப் பக்கத்தில் 2010 ஏப்ரலில் நடந்தது. முன்பு சொன்ன ஆஸ்பத்திரி சமையல்காரர் டேவ் கிரிஸ்ப்புக்கு ஒரு வயலில் சமிக்ஞை கிடைத்தது. தோண்டினார், காசுகளோடு ஒரு பானையின் வாய் தெரிந்தது. எந்த வேட்டைக்காரனும் கனவு காணும் கணம். அவர் தோண்டுவதை நிறுத்தினார். மண்ணைப் போட்டு மூடிவிட்டு அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார். ஆய்வாளர்கள் வந்து பானையை அடுக்கு அடுக்காகக் காலி செய்தார்கள். மொத்தம் 52,503 ரோமானிய நாணயங்கள், எடை சுமார் 160 கிலோ.

பானை மெல்லியது. அவ்வளவு பாரத்தோடு தூக்கிவந்திருந்தால் உடைந்திருக்கும். ஆகவே வெறும் பானையை முதலில் குழியில் இறக்கிவிட்டுப் பிறகுதான் காசைக் கொட்டியிருக்கிறார்கள். அடுத்த புதிர் இன்னும் பெரியது. மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டனைப் பிடித்து ஆண்ட கராசியஸின் நாணயங்கள்தான் இருந்ததிலேயே புதியவை. வருடக் கணக்கில் சேர்த்த சேமிப்பு என்றால் அவை மேலே கிடந்திருக்க வேண்டும். அவையோ பானைக்குள் வெகு ஆழத்தில் கிடந்தன. அதாவது காசு முழுவதும் ஒரே தடவையில் பானைக்குள் போயிருக்கிறது. திரும்ப எடுக்கும் எண்ணமே இல்லாமல் தெய்வத்துக்குச் செய்த காணிக்கையாக இருக்கலாம் என்று நிபுணர்கள் நினைக்கக் காரணம் இதுதான். கிரிஸ்ப் அன்று பானையை வாரி வாளியில் போட்டுக்கொண்டு போயிருந்தால் 52,503 காசுகளும் கிடைத்திருக்கும். இந்தக் கதை கிடைத்திருக்காது. அவருக்கும் நிலத்துக்காரருக்கும் சேர்த்துக் கிடைத்த வெகுமதி 3,20,250 பவுண்டு.

புதையல்கூட இல்லாத, கோப்பைக்கு லாயக்கில்லாத துண்டு துணுக்குகளும் சமயத்தில் வாய் திறக்கின்றன. லிங்கன்ஷயரில் டார்க்ஸி என்ற ஊரில் வைக்கிங் பெரும்படை கி.பி. 872-873 குளிர்காலத்தைக் கழித்ததாகப் பழைய ஆங்கில வருடக் குறிப்பு சொல்கிறது. எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது. கூடாரம் அடித்த படை சுவர் கட்டிவிட்டா போகும்? உள்ளூர் டிடெக்டர்காரர்கள் பல வருடமாக அங்கே பொறுக்கிய துண்டு வெள்ளி, எடைக்கல், வெட்டுப்பட்ட அரபுத் திர்ஹம் நாணயங்கள் ஆகியவற்றின் இடங்கள் பதிவானதும் வரைபடத்தில் முகாமின் எல்லை தானாகவே தெரிய ஆரம்பித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட திர்ஹம் துண்டுகள். பாக்தாத் பக்கத்து வெள்ளி, வைக்கிங் கொள்ளைக்காரன் பையில் ஏறி லிங்கன்ஷயர் வயலில் சிதறியிருக்கிறது. தனித்தனியே பார்த்தால் எந்தக் கிளப் மேஜையிலும் ஓட்டு வாங்காத துண்டுகள் இவை.

சண்டை போட்ட இரு தரப்பையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவந்தது ஒரு கொள்ளைதான். 1980-களின் மத்தியில் சர்ரே மாவட்டத்தில் வான்பரோ என்ற ஊரில் ரோமானியர் காலக் கோயில் இருந்த இடம் அம்பலமானது. இரவோடிரவாகக் கூட்டம் கூட்டமாக வந்து ஆயிரக்கணக்கான நாணயங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பிடிபட்டவர்களைத் தண்டிக்க நினைத்தபோது சட்டம் நொண்டியடித்தது. காரணம், அப்போது இருந்தது இடைக்காலப் புதையல் சட்டம். திரும்ப எடுக்கும் எண்ணத்துடன் ஒருவர் ஒளித்து வைத்தது என்று நிரூபித்தால்தான் தங்கமும் வெள்ளியும் அரசுக்குச் சேரும். கோயில் காணிக்கையைத் திரும்ப எடுக்கும் எண்ணம் யாருக்கு இருக்கும்? இதே விநோதத்தால்தான் 1939-ல் சட்டன் ஹூவில் கிடைத்த அரச கப்பல் சமாதியின் தங்கமெல்லாம் நிலத்துக்காரப் பெண்மணி எடித் பிரெட்டிக்குச் சொந்தம் என்று தீர்ப்பானது. அவர் பெரிய மனதோடு பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். எல்லா நிலத்துக்காரரும் அப்படியிருக்க மாட்டார்களே.

1996-ல் புதுச் சட்டம் இயற்றி, 1997 செப்டம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒளித்தவன் மனதில் என்ன இருந்தது என்ற ஆராய்ச்சி போயிற்று. முந்நூறு வருடத்துக்கு மேல் பழைய, பத்து சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ கலந்த நாணயங்கள் ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலும் அது புதையல். செப்புக் காசென்றால் பத்து. பதினான்கு நாளுக்குள் அந்தப் பகுதியின் கரோனர் என்ற அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மியூசியம் எதுவும் வேண்டாமென்றால் பொருள் திரும்பி வந்துவிடும். வேண்டுமென்றால் நிபுணர் குழு நிர்ணயிக்கும் முழுச் சந்தை விலையை மியூசியம் தர வேண்டும். கண்டெடுத்தவரும் நிலத்துக்காரரும் வழக்கமாகப் பாதிப் பாதி பிரித்துக்கொள்வார்கள்.

சட்டத்தைவிடச் சாமர்த்தியமான வேலை அதோடு கூடவே தொடங்கிய பதிவுத் திட்டம். புதையல் இல்லாத சாதாரணப் பொருள்களையும் வேட்டைக்காரர்கள் தாங்களாக முன்வந்து காட்டலாம். அதற்கென்றே மாவட்டந்தோறும் ஓர் அதிகாரி. அவர் காசைப் படம் எடுத்து, எடை போட்டு, கிடைத்த இடத்தின் வரைபட எண்ணைக் குறித்துக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பறிமுதல் இல்லை, உபதேசம் இல்லை. 2003-ல் திட்டம் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் பரவியது. இன்று பதிவேட்டில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள். பழைய சட்டத்தில் ஆண்டுக்கு சுமார் 25 புதையல்கள் பதிவாயின. இப்போது ஆயிரத்துக்கு மேல். இவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் டிடெக்டர்காரர்கள் கண்டெடுத்தவை. எதிரியைத் திட்டுவதை விட்டுவிட்டு அவன் கையில் பேனாவைக் கொடுத்ததன் பலன்.

சமாதானம் முழுமையானது என்று சொல்ல முடியாது. 2014 டிசம்பர் 21 அன்று பக்கிங்ஹாம்ஷயரில் லென்பரோ கிராமத்தில் ஒரு கிளப் நடத்திய வேட்டையில் ஈயத் தகட்டில் சுற்றிய நாணயக் குவியல் அகப்பட்டது. எதெல்ரெட், கனூட் மன்னர்கள் காலத்து வெள்ளிக் காசுகள், ஐயாயிரத்துக்கும் மேல். பதிவு அதிகாரியும் அங்கேயே இருந்தார். எல்லாம் அவர் மேற்பார்வையில்தான் நடந்தது. ஆனாலும் சுற்றிலும் கூட்டம், சீக்கிரமே இருட்டிவிடும் டிசம்பர் மாலை, அப்படியே விட்டுவிட்டுப் போனால் இரவில் என்ன ஆகுமோ என்ற பயம். அன்றைக்கே முழுவதும் வெளியே வந்துவிட்டது. இவ்வளவு அவசரம் எதற்கு என்று ஆய்வாளர்கள் பிறகு கேட்டார்கள். மதிப்பு 13.5 லட்சம் பவுண்டு. போட்டியும் கூட்டமும் சேர்ந்த இடத்தில் ஃப்ரோம் மாதிரி நிதானத்தை எதிர்பார்ப்பது கஷ்டம்தான். ஒரே நாளில் சில நூறு பேர் மொய்க்கும் பெரிய வேட்டைகளைப் பற்றி ஆய்வாளர்கள் இன்றும் முகம் சுளிப்பது இதனால்தான். பதிவு மேஜையில் ஓரிரு அதிகாரிகள். மாலை ஆனதும் எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம்.

வேட்டைக்காரர்களிடமும் வலுவான பதில் உண்டு. உழுத வயலில் காசு இருந்த இடத்திலேயே இருப்பதில்லை. ஒவ்வொரு ஆண்டும் கலப்பை அதைப் புரட்டுகிறது, நசுக்குகிறது, உரம் அரிக்கிறது. இன்று எடுக்காவிட்டால் நாளை எடுக்க ஒன்றும் இருக்காது. இதனால்தான் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடத்தை விதிகள், உழுத மண்ணின் ஆழம் வரைதான் தோண்டலாம், அதற்குக் கீழே ஏதாவது தென்பட்டால் கையை எடுத்துவிட்டு ஆள் அனுப்பு என்கின்றன.

அமெரிக்க கிளப்புகள் இந்தத் தலைவலிக்கே இடமில்லாத ஒரு போட்டியை நடத்துகின்றன. போட்டிக்கு முன்பே அமைப்பாளர்கள் மைதானத்தில் காசுகளை விதைத்துவிடுவார்கள். விதைப்பது பெரும்பாலும் 1965-க்கு முந்தைய டைம் எனப்படும் பத்து சென்ட் நாணயம். அதில் 90 சதவீதம் வெள்ளி. விசில் ஊதியதும் ஓட்டம். அதிகம் பொறுக்கியவர் கெட்டிக்காரர். வரலாறு எதுவும் கெடுவதில்லை. ஏனென்றால் அந்த மண்ணில் இருந்தது நேற்று சாயங்காலம் புதைத்தது. ஆனால் ஆயிரம் வருடமாக யார் கையும் படாத காசைத் தொடும் சிலிர்ப்பு அதில் ஏது?

உண்மையான எதிரி இருட்டில் வருபவன். பெயர் 'நைட்ஹாக்'. அனுமதியில்லாமல் இரவில் வயலில் புகுந்து எடுத்ததைச் சத்தமில்லாமல் விற்கும் ரகம். ஒளித்து விற்றால் என்ன இழப்பு என்பதை 2015-ல் கிடைத்த இரண்டு புதையல்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டின. இரண்டும் மாமன்னர் ஆல்ஃப்ரெட் வைக்கிங்குகளோடு மோதிய காலத்தவை. முதல் புதையல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் வாட்லிங்டன் அருகே கிடைத்தது. கண்டெடுத்தவர் உடனே தெரிவித்தார். மண்ணோடு ஒரே கட்டியாகப் பெயர்த்தெடுத்து லண்டனுக்குக் கொண்டுபோய் அங்கே பிரித்தார்கள். சுமார் 200 நாணயங்கள். சிலவற்றில் ஆல்ஃப்ரெடும், பக்கத்து மெர்ஷியா நாட்டு மன்னர் கியோல்வுல்ஃபும் சரிசமமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆல்ஃப்ரெடின் ஆட்கள் எழுதிய வருடக் குறிப்பில் கியோல்வுல்ஃப் வெறும் கைப்பாவை, முட்டாள். காசு வேறு சொல்கிறது: அவர் கூட்டாளி. ஜெயித்தவர்கள் எழுதிய வரலாற்றில் மறைத்தது வயலில் வெளியே வந்தது.

இரண்டாவது ஹியர்ஃபோர்டுஷயரில் லெம்ஸ்டர் அருகே கிடைத்தது. சுமார் 300 காசுகளும் தங்க நகைகளும் இருந்திருக்கும் என்று கணிப்பு. அதிலும் அதே இரட்டை மன்னர் நாணயங்கள். கண்டெடுத்த இருவரும் மூச்சுவிடாமல் வியாபாரிகளிடம் விற்றார்கள். 2019-ல் நீதிமன்றம் அவர்களுக்குப் பத்து வருடம், எட்டரை வருடம் என்று சிறைத் தண்டனை விதித்தது, மேல்முறையீட்டில் குறைந்தது. புதையலைத் தெரிவிக்காத குற்றத்துக்கு மூன்று மாதம்தான் அதிகபட்ச தண்டனை என்பதால் திருட்டு, சதி என்ற பிரிவுகளில் வழக்கு நடந்தது. ஒழுங்காகத் தெரிவித்திருந்தால் ஆளுக்கு ஐந்து லட்சம் பவுண்டுக்குக் குறையாமல் கிடைத்திருக்கும் என்று நீதிபதி சுட்டிக்காட்டினார். காசுகளில் பெரும்பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை.

இந்தியாவில் இன்றும் நடைமுறையில் இருப்பது 1878-ம் வருடத்து புதையல் சட்டம். சில மாநிலங்கள் தங்களுக்கென்று தனிச் சட்டம் வைத்திருக்கின்றன. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்; மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. உரிமை கோர யாரும் வராவிட்டால் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. கேட்க தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசாங்கம் தானே வைத்துக்கொள்ள விரும்பினால் தரும் விலை, உலோகத்தின் எடைக்குரிய விலையும் அதில் ஐந்தில் ஒரு பங்கும்தான். ஆயிரம் வருடக் காசின் வரலாற்றுக்கு இருபது சதவீத போனஸ். வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியவர் பானையோடு நேரே ஆசாரியிடம் போவதில் ஆச்சரியமில்லை. இங்கிலாந்தில் 2019 ஜனவரியில் சாமர்செட்டின் செவ் பள்ளத்தாக்கில் ஏழு பேர் கொண்ட குழு 2,584 நாணயங்களைக் கண்டெடுத்தது. 2024-ல் 43 லட்சம் பவுண்டு, நம் கணக்கில் சுமார் 45 கோடி ரூபாய், கொடுத்து அதை மியூசியத்துக்கு வாங்கினார்கள். நார்மன் படையெடுப்பு நடந்த 1066-ஐ ஒட்டிய நாணயங்கள் அவை. சிலவற்றில் தோற்ற ஹெரால்டின் அச்சு ஒரு பக்கம், ஜெயித்த வில்லியமின் அச்சு மறு பக்கம். புது அச்சுக்குக் கட்ட வேண்டிய வரியை மிச்சப்படுத்த நாணயம் அடித்த ஆசாமி பழைய அச்சையே உபயோகித்திருக்கிறான்.

இங்கிலாந்துச் சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை சரியாகக் கிளப் போட்டி மேஜைக்கு நேர் கீழேதான் இருக்கிறது. இரண்டு காசு கிடைத்தால் புதையல். ஒற்றைக் காசென்றால்? தெரிவிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. 2021-ல் டெவனில் ஹெமியாக் என்ற கிராமத்து வயலில் மூன்றாம் ஹென்றி 1257-ல் வெளியிட்ட தங்கப் பென்னி ஒன்று கிடைத்தது. உலகத்தில் அதைப் போல எட்டுதான் இருப்பதாகத் தெரிகிறது. மறு ஆண்டு ஜனவரியில் அது ஏலத்தில் 6,48,000 பவுண்டுக்குப் போயிற்று. சட்டத்தின் கண்ணில் அது புதையலே இல்லை. 2001-ல் பெட்ஃபோர்டுஷயர் ஆற்றோரம் கிடைத்த கியோன்வுல்ஃப் மன்னரின் தங்க நாணயத்தின் கதையும் இப்படித்தான். ஏலத்தில் போன அதை 2006-ல் பிரிட்டிஷ் மியூசியம் 3,57,832 பவுண்டு கொடுத்து மீட்க வேண்டியிருந்தது. 2010-ல் கம்ப்ரியாவில் கிடைத்த ரோமானியக் குதிரைவீரன் தலைக்கவசம் வெண்கலம் என்ற ஒரே காரணத்துக்காகப் புதையல் பட்டியலில் சேராமல் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போய்த் தனியார் கைக்குச் சென்றது. அதன் பிறகு வெகுகாலம் யோசித்து 2023-ல் விதியைத் திருத்தினார்கள்: இருநூறு வருடத்துக்கு மேல் பழைய, விசேஷ முக்கியத்துவம் உள்ள பொருள் எந்த உலோகமானாலும் புதையல் ஆகலாம்.

அன்றாட ஒற்றைக் காசுக்கு அந்தத் திருத்தம் பொருந்தாது. மாதாந்திர மேஜைக்கு வருவதோ பெரும்பாலும் ஒற்றைக் காசு. அதன் டப்பாவில் இட எண்ணை எழுதி வைப்பதும், வைக்காமல் விடுவதும் கண்டெடுத்தவர் விருப்பம். கோப்பைக்கு வரும் காசோடு இட எண்ணையும் கட்டாயம் கேட்டால் போதும், செலவில்லாத காரியம். நன்றாகத் தேடக் கிடைத்த வயலைப் போட்டியாளனிடம் காட்டிக்கொடுக்க எவனுக்கும் மனம் வராது என்பது நிஜம். அதற்காகவே பதிவு அதிகாரி துல்லியமான எண்ணைப் பொதுஜனத்துக்குக் காட்டாமல் ஆய்வாளர்களுக்கு மட்டும் கொடுக்கிறார்.

சஃபோக் மாவட்டத்தில் ரெண்டில்ஷாம் என்ற ஊரில் நிலத்துக்காரர் ஒருவர் 2008 வாக்கில் அதிகாரிகளிடம் போனார். இரவு ஆசாமிகள் வயலில் குழி குழியாகத் தோண்டிவிட்டுப் போவதாகப் புகார். காவல் வைப்பதற்குப் பதிலாக, தொல்பொருள் துறை நான்கு டிடெக்டர்காரர்களைக் கூப்பிட்டது. சம்பளம் இல்லை, கோப்பை இல்லை. அவர்கள் வருடக் கணக்கில் அந்த வயல்களை அடி அடியாக நடந்து, கிடைத்த ஒவ்வொரு உலோகத் துண்டின் இடத்தையும் குறித்தார்கள். தங்கக் காசுகள், தராசு எடைகள், உடைந்த கொக்கிகள். எட்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் பீட் தம் நூலில் பெயர் மட்டும் சொல்லிவிட்டுப் போன கிழக்கு ஆங்கிலிய அரசர்களின் இருப்பிடம் அங்கேதான் இருந்தது என்பது அந்தப் புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது துலங்கியது. 2022-ல் ஆய்வாளர்கள் குறிப்பிட்ட இடத்தில் மண்ணை விலக்கியபோது அரச மண்டபத்தின் அடித்தளம் தெரிந்தது: நீளம் 23 மீட்டர், அகலம் 10 மீட்டர்.